மாதம் ஒருமுறை மதுரை போகும் காருக்கு எந்த கேம் ஷாஃப்ட்? – வாசகர் கேள்வி பதில்

பழைய கார் வைத்திருப்பவர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: என்ஜினை இறக்கியாச்சு, அல்லது இறக்கப் போகிறோம், என்ன சாமான் வாங்குவது? எல்லாமே சாலையில் ஓடுகிற வண்டிகள். கண்காட்சிக்கென்று போர்வை போர்த்தி வைத்திருக்கும் வண்டி ஒன்றுகூட இல்லை. அதனால் முழுப் பக்கத்தையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

காரைக்குடி வாசகர்: எங்களிடம் 1972 அம்பாசடர் மார்க் 2, பெட்ரோல். அப்பா வாங்கியது. புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது, என்ஜின் இப்போது பட்டறையில் இறங்கிக் கிடக்கிறது. எப்படியும் பிரிக்கிறோமே, ஹை-லிஃப்ட் கேம், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், அதிக கம்ப்ரஷன் பிஸ்டன், பெரிய சைலன்சர் எல்லாம் போட்டுவிடலாமா? தினமும் 12 கிலோமீட்டர் அலுவலகம், மாதம் ஒருமுறை குடும்பத்தோடு மதுரை. அவ்வளவுதான் ஓட்டம்.

பதில்: நீங்கள் கடைசியில் எழுதிய 12 கிலோமீட்டரையும் மதுரையையும் முதலில் எடுத்துக்கொள்வோம். டாப் கியரில் 75 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உங்கள் என்ஜின் சுமார் 3,000 ஆர்.பி.எம். சுற்றும். ஊருக்குள் பெரும்பாலும் 1,500-லிருந்து 2,500-க்குள். அதாவது இந்த என்ஜின் தன் ஆயுளில் முக்கால்வாசிக்கு மேல் 3,000-க்குக் கீழேயே உழைக்கிறது. அந்த இடத்தில் இழுவை கூடுகிறதா குறைகிறதா என்பதை வைத்துத்தான் ஒவ்வொரு சாமானையும் வாங்க வேண்டும், கேட்லாக்கில் எத்தனை குதிரைசக்தி போட்டிருக்கிறான் என்பதை வைத்து இல்லை.

வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம் ஷாஃப்டில் ஆரம்பிக்கலாம். சாதாரணக் குடும்பக் கார் கேம் வால்வைச் சுமார் 230 டிகிரி சுழற்சிக்குத் திறந்து வைத்திருக்கும், ரேஸ் கேம் 300-ஐ நெருங்கும். அதிக நேரம் திறந்திருந்தால் மேல் வேகத்தில் நிறையக் காற்று உள்ளே போகும், உண்மைதான். ஆனால் இன்லெட் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் நேரமும் கூடிவிடுகிறது. குறைந்த வேகத்தில் அது நேர் எதிராக வேலை செய்கிறது: எரிந்த வாயு திரும்ப இன்லெட் பக்கம் ஏறுகிறது, ஐடிலிங் நிற்காது, இரண்டாவது கியரில் ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போது வண்டி முக்கும். உங்கள் என்ஜினுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. இது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) பி-சீரீஸ், 1,489 சி.சி. ஹெட்டை கழற்றி வைத்திருப்பீர்கள், பக்கவாட்டில் பாருங்கள்: நாலு சிலிண்டருக்கு இன்லெட் துளை இரண்டுதான், 1-ம் 2-ம் சேர்ந்து ஒன்று, 3-ம் 4-ம் சேர்ந்து ஒன்று. வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஒரே துளையைப் பங்கு போடும் இரண்டு சிலிண்டர்களும் அடுத்தடுத்து உறிஞ்சுவதால், ஒன்றுக்குரிய கலவையை இன்னொன்று இழுத்துக்கொள்ளும். கேமின் திறப்பு நேரம் நீள நீள இந்தத் தொல்லை கூடும். ஆகவே ஸ்டாண்டர்ட் கேம், அல்லது அதைவிட ஒரு படி மட்டும் கூடிய மிதமான கேம், அதற்கு மேல் வேண்டாம். எந்த கேம் போட்டாலும், அதன் மேல் உட்கார்ந்து வால்வை நோக்கித் தள்ளும் டாப்பெட் எட்டும் புதிதாக இருக்க வேண்டும். பழைய டாப்பெட்டின் அடிப்பாகம் பழைய கேமோடு பழகித் தேய்ந்தது, அதைப் புதுக் கேம் மேல் வைத்தால் ஒரு மாதத்தில் கேமின் மூக்கு (டாப்பெட்டைத் தூக்கும் மேடு) மழுங்கிவிடும்.

இரட்டை எஸ்.யூ. பற்றி. இங்கிலாந்தில் இதே 1,489 சி.சி. என்ஜினை எம்.ஜி. கம்பெனி தன் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் இரட்டை எஸ்.யூ.வோடு போட்டு 72 குதிரைசக்தி எடுத்தது. ஆனால் அது 5,500 ஆர்.பி.எம்.மில். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் உங்கள் கிராங்க் மூன்று மெயின் பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது, 50 வருடப் பழசு, அந்த வேகத்துக்கு நீங்கள் அதைத் துரத்தப் போவதும் இல்லை. 3,000-க்குக் கீழே இரட்டைக் கார்புரேட்டர் தரும் லாபம் மிகக் குறைவு, இரண்டையும் ஒன்றுபோல ட்யூன் செய்து வைத்திருக்கிற வேலையோ ஓயாது. ஒரே எஸ்.யூ.வுக்குப் புது த்ராட்டில் ஸ்பிண்டில், புஷ், ஜெட், நீடில் போட்டு சரிசெய்யுங்கள். ஸ்பிண்டில் ஆடினால் அந்த வழியே காற்று உள்ளே போகும், அப்புறம் எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் ஐடிலிங் சரியாகாது.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் வந்த கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறோம் என்பது, அது மட்டும் நீங்கள் கேட்டதில் எனக்குச் சம்மதமான விஷயம். மட்டமான பெட்ரோல் கிடைத்த காலத்துக்காக அம்பாசடரில் கம்ப்ரஷனைக் குறைத்து வைத்திருந்தார்கள், இப்போது பங்கில் சாதாரண பெட்ரோலே 91 ஆக்டேனுக்குக் குறையாது. எம்.ஜி.ஏ.வில் இருந்த 8.3-க்கு ஒன்று என்ற அளவு வரை தாராளமாகப் போகலாம். கம்ப்ரஷன் கூடினால் எல்லா வேகத்திலும் இழுவை கூடும், மைலேஜும் கூடும், ரேஸ் கேம் மாதிரி கீழே பிடுங்கி மேலே கொடுப்பதில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஹெட்டைச் சீவச் சொல்லாதீர்கள். ஒரு சிலிண்டர் 372 சி.சி. அளவு. 8.3 வேண்டுமென்றால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 51 சி.சி. இருக்க வேண்டும், இதில் ஹெட்டின் குழி, கேஸ்கட்டின் தடிமன், பிஸ்டன் தலையில் இருக்கும் பள்ளம் எல்லாம் சேர்த்தி. அளப்பது வீட்டு வேலைதான்: வால்வு, பிளக் போட்ட ஹெட்டைக் கவிழ்த்து மட்டமாக வைத்து, குழியின் மேல் சிறு துளை போட்ட கண்ணாடித் துண்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, மருந்துக் கடையில் வாங்கிய சிரிஞ்சால் மண்ணெண்ணெயை அந்தத் துளை வழியே விடுங்கள். காற்றுக் குமிழ் ஒதுங்கிக் கண்ணாடி முழுக்க ஈரம் தொட்டதும் எத்தனை மில்லி போயிருக்கிறது என்று பாருங்கள். நாலு குழியும் ஒரே அளவாக இல்லை என்பதை அப்போது நீங்களே பார்ப்பீர்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லி வித்தியாசம் இருக்கும். நிறையச் சீவினால் புஷ் ராடு ராக்கரைத் தூக்கிவிடும், ராக்கர் தூண்களுக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு போட வேண்டியிருக்கும்.

பெரிய சைலன்சர் சத்தம் தருமே தவிர இந்த என்ஜினுக்கு வேறொன்றும் தராது. அந்தப் பணத்தில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடின உலோக சீட் போடுங்கள். பி-சீரீஸ் ஹெட் முழுக்க வார்ப்பிரும்பு, சீட் அந்த இரும்பிலேயே கடைந்தது. முன்பு பெட்ரோலில் இருந்த ஈயம் அந்த சீட்டுக்கு ஒரு மெத்தை மாதிரி காப்பாக இருந்தது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றுபோனது. நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓட்டினால் வால்வு சீட்டைக் குடைந்து உள்ளே இறங்கும், டாப்பெட் இடைவெளி தானாகவே குறைந்துகொண்டே வருவதுதான் அதன் அடையாளம். ஹெட் கையில் இருக்கும்போதே செய்துவிட்டால் ஒரே லேபரில் முடியும்.

தஞ்சாவூர் வாசகர்: என்னுடையதும் அம்பாசடர்தான். லேத் பட்டறையில் "போர் போயிருச்சு, ஸ்லீவ் இறக்கி ஸ்டாண்டர்ட் பிஸ்டன் போடு" என்கிறார்கள். என் மெக்கானிக், "40 ஓவர்சைஸ் போட்டா போதும்" என்கிறார். யார் சொல்வது சரி? பழைய ஸ்டாக் பிஸ்டன் நல்லதா, இப்போது புதிதாக வருவது நல்லதா?

பதில்: அளந்து பார்க்காமல் இருவருமே சரியில்லை. போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது, மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில், மேலிருந்து கொஞ்சம் கீழே, அதிலும் கிராங்குக்குக் குறுக்கு வாட்டத்தில் அதிகம் தேயும். போர் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், நீளவாக்கில் ஒன்று குறுக்கில் ஒன்று, ஆக ஆறு அளவு எடுத்து ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஸ்டாண்டர்ட் போர் 73.025 மில்லிமீட்டர், அங்குலத்தில் 2.875. தேய்ந்ததில் மிக மோசமான சிலிண்டர் எந்த ஓவர்சைஸில் சுத்தமாகிறதோ அந்த அளவுதான் நாலுக்கும். 20, 40 என்பது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு பெரிதாகக் கடைவது, 20-ல் சுத்தமானால் 40 எதற்கு? இரும்பை ஒருமுறை கடைந்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது, அடுத்த தலைமுறைக்கும் கொஞ்சம் சதை மிச்சம் வையுங்கள். 40 போட்டால் என்ஜின் 1,531 சி.சி. ஆகும் என்பது உண்மை, ஆனால் ஓட்டும்போது அந்த 42 சி.சி. உங்களுக்குத் தெரியாது. ஏற்கனவே கடைசி ஓவர்சைஸ் வரை போயாச்சு, அல்லது ஒரு சிலிண்டரில் கீறல் ஆழம் என்றால்தான் ஸ்லீவ், அதாவது துளைக்குள் புது இரும்புக் குழாய் இறக்குவது.

முக்கியமான ஒன்று: பிஸ்டனை முதலில் வாங்கி லேத்காரர் கையில் கொடுங்கள், அப்புறம்தான் அவர் கடைய வேண்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைப் பிஸ்டன் செய்தவர்தான் சொல்ல முடியும், ஒவ்வொரு கம்பெனியின் உலோகக் கலவைக்கும் அது மாறும்.

பழைய ஸ்டாக் விஷயத்தில் நமக்கு ஒரு நல்ல காலம் இருந்தது. சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். என்று இந்த வண்டிகளுக்கான சாமான் நம் ஊரிலேயே செய்யப்பட்டது. ஜி.பி. ரோடு கடைகளின் மேல் அலமாரியில், புதுப்பேட்டையில், கொல்கத்தா மல்லிக் பஜாரில் இன்னும் பிரிக்காத பெட்டிகள் கிடைக்கின்றன. பிஸ்டன், டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பு, கியர் மாதிரி உலோகச் சாமான் என்றால் துருப்பிடிக்காமல் இருக்கும் பழைய ஸ்டாக்கை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். ரப்பர், கேஸ்கட், ஆயில் சீல், டயாஃப்ரம் என்றால் பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் தொட மாட்டேன், 30 வருடம் அலமாரியில் கிடந்த ரப்பர் பார்க்கப் புதுசு, அவ்வளவுதான்.

ரிங் வந்ததும் ஒரு வேலையை நீங்களே பக்கத்தில் நின்று செய்யவையுங்கள். ஒரு ரிங்கை மட்டும் எடுத்து போருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதை ஓர் அங்குலம் கீழே நேராகத் தள்ளுங்கள். ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி தெரியும். அதில் ஃபீலர் கேஜை (அளவு பொறித்த மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். போரின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.003-லிருந்து 0.004 அங்குலம் என்பது பழைய கணக்கு, உங்கள் போருக்கு 0.009 முதல் 0.012 வரை வரும். ரிங் செட்டோடு தாள் வந்திருந்தால் அதில் உள்ள அளவே மேல். இடைவெளி கம்மியாக இருந்தால் என்ஜின் சூடேறியதும் முனைகள் முட்டிக்கொண்டு ரிங் உடையும், அல்லது போரைக் கீறும். கம்மி என்றால் மெல்லிய அரத்தால் ராவிக்கொள்ளலாம், அதிகம் என்றால் திருப்பிக் கொடுப்பதுதான். பன்னிரண்டு வருடம் முன்பு எனக்கு ஒரு செட்டில் ஒரே ஒரு ரிங் மட்டும் 0.004 காட்டியது. மற்றதெல்லாம் சரியாக இருக்கிறதே என்று அதைப் பார்க்காமல் மாட்டியிருந்தால் அந்த சிலிண்டர் போயிருக்கும்.

கிராங்க் கடைவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். பேரிங்கில் சுற்றும் வட்டப் பகுதி (ஜர்னல்) முடிந்து பக்கச் சுவர் (வெப்) ஆரம்பிக்கும் மூலையில் ஒரு மென்மையான வளைவு இருக்கும். அவசரத்தில் கடைபவர்கள் அதைக் கூர்மூலையாக்கிவிடுவார்கள். அப்படிக் கடைந்த ஒரு கிராங்க் என் கைக்கு வந்து எட்டே மாதத்தில், புதுக்கோட்டை தாண்டி நடுரோட்டில் இரண்டாக முறிந்தது, முறிவு சரியாக அந்த மூலையில். பட்டறை எது என்பது இங்கே தேவையில்லை, நான் வாங்கும்போது விரலால் தடவிப் பார்த்திருக்க வேண்டும். இப்போது எந்த கிராங்க் வந்தாலும் முதலில் அந்த மூலையில்தான் விரல் போகிறது.

கோயம்புத்தூர் வாசகர்: 1984 பிரீமியர் பத்மினி. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆக நேரமெடுக்கிறது, மேடு ஏறும்போது உதறுகிறது, போன மாதம் பெட்ரோல் ஹோஸ் ஒழுகியது. என்ஜினில் எதையாவது மாற்ற வேண்டுமா?

பதில்: என்ஜினுக்குள் ஒன்றும் வேண்டாம். உங்கள் 1,089 சி.சி. ஃபியட் என்ஜினின் ஹெட் அலுமினியம், அதில் வால்வு சீட் தனியாகப் பதித்தே வந்தது, காரைக்குடிக்காரருக்குச் சொன்ன கவலை உங்களுக்கு இல்லை. பெட்ரோல் போகும் பாதையைத்தான் பார்க்க வேண்டும்.

2023 பிப்ரவரியில் ஆரம்பித்த இந்த எரிபொருள் இப்போது எல்லா பங்கிலும் அதுதான். எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து உப்ப வைக்கும், அப்புறம் வெடிக்க வைக்கும். ஹோஸ் மட்டும் இல்லை, மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் ஆக்சலரேட்டர் பம்பின் டயாஃப்ரம், எல்லாவற்றுக்கும் அதே கதி. டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள். ஹோஸ் வாங்கும்போது மேலே அச்சடித்திருப்பதைப் படியுங்கள், எஸ்.ஏ.இ. 30ஆர்9 என்று இருந்தால் உள்ளே ஃப்ளோரோ ரப்பர் பூச்சு இருக்கும், அது தாங்கும். மீட்டர் கணக்கில் வெட்டித் தரும், ஒன்றும் எழுதாத கறுப்பு ஹோஸ் என்ஜின் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மேட்டில் உதறுவது கலவை மெலிந்ததால் இருக்கலாம். சுத்த பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீதக் கலவைக்கு 13.5 அளவில் வரும், அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் சுமார் 8 சதவீதம் கூடுதலாக வேண்டும். சோலெக்ஸ் கார்புரேட்டரில் மெயின் ஜெட்டின் மேல் எண் வெட்டியிருக்கும், அது துளையின் விட்டம். உதாரணமாக உங்களுடையதில் 120 என்று இருந்தால் 125 போட்டால் துளையின் பரப்பு ஏறக்குறைய அதே 8 சதவீதம் கூடுகிறது. ஒரு படிக்கு மேல் போகாதீர்கள். அதற்கு முன்னால் ஃபில்டரையும் டாங்கின் அடியையும் பாருங்கள், எத்தனால் பழைய டாங்கில் படிந்திருக்கும் கசடை எல்லாம் கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டில் அடைக்கும், அதுவும் இதே மாதிரிதான் உதறும்.

வண்டி வாரக்கணக்கில் நிற்பதாக இருந்தால் டாங்கை நிரப்பி நிறுத்துங்கள். காலி இடம் இருந்தால் காற்றின் ஈரத்தை எத்தனால் உறிஞ்சிக்கொள்ளும், தண்ணீர் அதிகமானால் பிரிந்து அடியில் தங்கும், டாங்க் அடியிலிருந்துதான் துருப்பிடிக்கும்.

சென்னை வாசகர்: அம்பாசடர் சிக்னலில் நின்றால் கொதிக்கிறது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். எலக்ட்ரிக் ஃபேன் வைக்கவும் சொல்கிறார்.

பதில்: தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். என்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை அடைத்துவைத்து, 82 டிகிரியில் திறக்கும் ஒரு சாமான் திறந்த பிறகு எப்படிக் கொதிக்க வைக்கும்? கெட்டுப்போய் மூடியபடி நின்றிருந்தால் புதுசு போட வேண்டும், வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டுப் பார்த்தால் திறக்கிறதா இல்லையா தெரிந்துவிடும். அது இல்லாமல் ஓட்டினால் காலையில் என்ஜின் சூடேறவே வெகுநேரம் ஆகும், அத்தனை நேரமும் எரியாத பெட்ரோல் போர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். கொதிப்புக்குக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டர் கோர் பாதி அடைத்திருப்பது, அல்லது இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) பின்தங்கியிருப்பது. கோரை மாற்றுங்கள், டைமிங்கை லைட் வைத்துப் பாருங்கள். எலக்ட்ரிக் ஃபேன் வேண்டுமென்றால் முதலில் ஆல்டர்னேட்டர், அப்புறம்தான் ஃபேன். பழைய டைனமோ முழு வேகத்திலேயே 22 ஆம்பியர்தான் தரும், சிக்னலில் ஐடிலிங்கில் கிட்டத்தட்ட ஒன்றும் தராது, ஃபேன் தேவைப்படுவதோ அந்த நேரத்தில்தான்.

திருச்சி வாசகர்: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வாங்கியிருக்கிறேன். இங்கிலாந்திலிருந்து சாமான் வரவழைக்க முடியும் என்கிறார்கள். ஸ்பிட்ஃபயர் காரின் பிஸ்டன், கிராங்க் பொருந்துமா?

பதில்: நல்ல வண்டி, வண்டலூரில் பிறந்தது. இங்கிலாந்து ஹெரால்டு பிறகு 1,147, 1,296 சி.சி. என்று வளர்ந்தது, நம்முடையது 948-லேயே நின்றது. 948-ன் போர் 63 மில்லிமீட்டர், ஸ்பிட்ஃபயரின் 1,147-க்கு 69.3. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டுக்கும் 76 என்பதைப் பார்த்துவிட்டு மற்றதும் ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள், பெரிய போருக்காகச் சிலிண்டர்களின் இடத்தையே மாற்றி வேறு பிளாக் வார்த்தார்கள். ஆர்டர் போடும்போது "ஹெரால்டு" என்று மட்டும் எழுதினால் 1,147 சி.சி. கொண்ட ஹெரால்டு 1200-க்கான சாமான்தான் வந்து சேரும். "948 சி.சி." என்று எழுதுங்கள், என்ஜின் நம்பரையும் சேர்த்து. இந்த 948-க்கே இரட்டை எஸ்.யூ. மேனிஃபோல்டு அங்கே ஆரம்பகால கூப்பே, கன்வர்ட்டிபிள் வண்டிகளில் வந்தது, ஆசை இருந்தால் அது நேராக உட்காரும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே ஒரு சோதனை. என்ஜினை நிறுத்திவிட்டு, நீங்கள் முன்னால் கிராங்க் புல்லியைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள், வீட்டில் ஒருவரை கிளட்சை அழுத்தி விடச் சொல்லுங்கள். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் வண்டியை எடுக்காதீர்கள். 0.004 முதல் 0.008 அங்குலம் வரைதான் நகரலாம், அது கண்ணுக்குப் பிடிபடாத அசைவு. அதற்கு மேல் என்றால் பின் மெயின் பேரிங்கில், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. இந்த என்ஜின் குடும்பத்தின் பலவீனமே அதுதான். அது கழன்று அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பில் விழுந்தால் கிராங்க் பிளாக்கையே அறுக்க ஆரம்பிக்கும், அப்புறம் பிஸ்டன் பற்றிய கேள்விக்கே இடமிருக்காது. வாஷர் விலை மிகக் குறைவு, சம்ப்பை இறக்கி என்ஜின் வண்டியில் இருக்கும்போதே மாற்றலாம்.

யாழ்ப்பாண வாசகர்: ஐயா, எங்களிட்ட 1959 மொறிஸ் மைனர் இருக்கு. 948 சி.சி. என்ஜின் களைத்துப்போச்சு. 1,275 சி.சி. என்ஜின் ஒண்டு விலைக்கு வந்திருக்கு, கராஜ்காரர் நேராகப் பொருந்தும் எண்டு சொல்லுறார். வாங்கலாமோ?

பதில்: பொருந்தும், அவர் சொல்வது சரி, இரண்டும் பி.எம்.சி.யின் ஏ-சீரீஸ் குடும்பம்தான். ஆனால் பொருந்துவதோடு வேலை முடியவில்லை. உங்கள் என்ஜின் 37 குதிரைசக்தி, எம்.ஜி. மிட்ஜெட் ஸ்போர்ட்ஸ் காரில் வந்த 1,275 என்றால் 65. உங்கள் கியர் பாக்ஸின் வெளிக்கூடு வழவழப்பாக இருக்கும், அந்த வகை 1,275-ன் முறுக்கை நெடுநாள் தாங்காது. 1,098 வண்டிகளில் வந்த, கூட்டின் மேல் விலா எலும்பு போல வரிகள் ஓடும் பாக்ஸ் வேண்டும். பிரேக்? 1959-ல் முன் டிரம் 7 அங்குலம்தான். 1962-ல் 1,098 வந்தபோது கம்பெனியே 8 அங்குலமாக்கியது, அதுவும் வெறும் 48 குதிரைசக்திக்காக. ஆகவே 1,275 என்றால் முன் டிஸ்க், குறைந்தபட்சம் 8 அங்குல டிரம். டிஃபரன்ஷியல் பல் கணக்கும் (பின்சக்கரம் ஒரு சுற்றுக்குப் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பது) 4.55-லேயே இருந்தால் என்ஜின் வீணாகக் கத்திக்கொண்டு ஓடும், 4.22 அல்லது மிட்ஜெட்டின் 3.9 தேட வேண்டும். என்ஜினின் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இவ்வளவையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

என்னைக் கேட்டால், குடாநாட்டின் மட்டமான தெருவில் ஓடுகிற வண்டிக்கு ஒரு நல்ல 1,098-ஐ அதன் கியர் பாக்ஸ், 8 அங்குல பிரேக், 4.22 டிஃபரன்ஷியல் என்று ஒரே வண்டியிலிருந்து முழுசாக எடுத்துப் போடுவேன். கம்பெனியே ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்த தொகுதி அது. மைனர் உதிரிகள் உங்கள் நாட்டில் செய்து இங்கிலாந்துக்கே போன காலம் உண்டு, தேடினால் அகப்படும். என்ஜின் இலக்கம் மாறுவதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, பழைய மைனர்களில் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம் பாடியில் இணைத்திருக்கும். எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி எதையும் அதைப் பார்க்காமல் மாட்டினால் அந்த நொடியே எரிந்துபோகும்.

வேலூர் வாசகர்: 1970 அம்பாசடரில் டீசல் என்ஜின் மாட்டினால் செலவு குறையுமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றாமல் என்ஜினை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுக்கு எதிரானது, இன்ஷூரன்சும் சிக்கலாகும். அதைவிட, 2021-ல் வந்த விதிப்படி 50 வருடம் முடிந்த வண்டியை விண்டேஜ் என்று பதிந்து "வி.ஏ." எண் வாங்கலாம், அதற்கு என்ஜினும் பாடியும் அசலாக இருக்க வேண்டும். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது என்பதால் இப்போது உங்களுக்கு அது வேண்டாமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பழைய பிளாக்கை எடைக்குப் போட்டுவிட்டால் பிறகு விரும்பினாலும் வழி கிடையாது.

கும்பகோணம் வாசகர்: ஓவர்ஹால் முடிந்தது, புதுக் கேம், புது டாப்பெட். என்ன ஆயில்? முதல் ஸ்டார்ட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: 20டபிள்யூ-50 மினரல் ஆயில். புதுக் கார்களுக்கான நீர்த்த ஆயில் வேண்டாம், உங்கள் டாப்பெட் கேம் மேல் உருளாமல் உரசுகிறது, அதற்குத் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஆயில் வேண்டும், புதுக் கார் ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். டின்னின் பின்பக்கத்தைப் படியுங்கள், பழைய என்ஜின்களுக்கு என்று தனியாக விற்பதும் கிடைக்கிறது.

கேமின் ஆயுள் முதல் 20 நிமிடத்தில் முடிவாகிறது. கேம் மூக்குகளிலும் டாப்பெட் அடியிலும் அசெம்பிளி பேஸ்ட் தடவியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஆயில் பிரஷர் முள் எழும்பும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றவிடுங்கள், அப்புறம் பிளக்கைப் போடுங்கள். டைமிங், பெட்ரோல், தண்ணீர் எல்லாம் முன்பே தயாராக இருக்க வேண்டும், ஸ்டார்ட் ஆகாமல் நிறைய நேரம் கிராங்க் செய்தால் தடவிய பேஸ்ட் எல்லாம் வழித்துப் போய்விடும். பற்றிக்கொண்டதும் ஐடிலிங்குக்கு விடாமல் நேராக 2,000-க்கு ஏற்றி, 20 நிமிடம் 2,000-க்கும் 2,500-க்கும் நடுவில் வைத்திருங்கள். ஐடிலிங்கில் கேம் மேல் தெறிக்கும் ஆயில் போதாது. அந்த நேரத்தில் வீட்டார் வந்து "ஏன் இப்படிக் கத்துது, குறைக்கச் சொல்லு" என்பார்கள், ஆக்சலரேட்டரை விட்டுவிடாதீர்கள். நிறுத்தி ஆறியதும் ஆயிலை வெள்ளைத் துணி வழியே வடியுங்கள், ஃபில்டரையும் மாற்றுங்கள். துணியில் மெல்லிய சாம்பல் நிறம் படிந்தால் சரி. வெளிச்சத்தில் பிடிக்கும்போது ஊசி ஊசியாக மின்னினால், ஸ்டார்ட் செய்யாமல் டாப்பெட் கவரைக் கழற்றுங்கள்.